கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன் பிள்ள

இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சு மண்டபத்துல என்ன நடக்குது, ஏன் மேசை நாற்காலி எல்லாம் போட்டு வயசானவங்க உட்கார்ந்திருக்காங்கன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. அதுக்குப் பதில் சொல்லணும்னா முதல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லியாகணும்.

நான் அர்ச்சனை சீட்டு கவுண்டர்ல உட்காருறவ. எட்டு வருஷமா அதே நாற்காலி. போன வருஷம் ஆடி வெள்ளி, வரிசை வாசலைத் தாண்டி கார் நிறுத்துற இடம் வரைக்கும் நிக்குது. கூட்ட நாள்ல பேர், நட்சத்திரத்தை பக்தர்களே துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டு வரட்டும்னு பேனாவும் தாளும் வெளிய வச்சிருந்தோம். ஒரு பாட்டி வெறும் தாளோட வந்து நின்னாங்க. "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன் பிள்ள, நீயே எழுதிடு." போன வாரமும் இதையேதான் சொன்னாங்க, அதுக்கு முந்தின வாரமும் இதையேதான். எனக்கு எரிச்சல். "ஒவ்வொரு வாரமும் மறந்தா எப்படி பாட்டி? பின்னாடி எவ்வளவு பேரு நிக்கிறாங்க பாருங்க. யாருகிட்டயாச்சும் எழுதி வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் பேசல. தாளை மடிச்சு முந்தானைல முடிஞ்சுக்கிட்டு ஓரமா போயிட்டாங்க. அன்னைக்கு அர்ச்சனை பண்ணாமலே வீட்டுக்குப் போயிருக்காங்க. அது எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது.

ரெண்டு வாரம் கழிச்சு அதே பாட்டி பிரகாரத்துல மயங்கி உட்கார்ந்துட்டாங்க. வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. நல்ல வேளை, நம்ம தொண்டூழியர்கள்ல ஒருத்தங்க தாதி. சக்கரை இறங்கிடுச்சுன்னு உடனே கண்டுபிடிச்சு சக்கரைத் தண்ணி கொடுத்தாங்க. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயி, அப்புறம் வீட்டுல விட நான்தான் போனேன். மேசை மேல மருந்துப் பை இருந்துச்சு. பாட்டி ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனாங்க: வெள்ளை வட்ட மாத்திரை ரெண்டு வேளை, மஞ்சள் மாத்திரை காலையில மட்டும். இப்படி நிறத்தை வச்சே பல வருஷம் சரியா சாப்பிட்டிருக்காங்க. இந்தத் தடவை வேற கம்பெனி மாத்திரை கொடுத்திருக்காங்க. அது வழக்கமா நடக்குறதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனா காலையில மட்டும் சாப்பிட வேண்டிய சக்கரை மாத்திரை இப்போ வெள்ளை வட்டமா வந்திருக்கு. பாட்டி அதை ரெண்டு வேளை போட்டிருக்காங்க. பாக்கெட் மேல மலாய்ல தெளிவா எழுதியிருந்துச்சு.

"இதுல போட்டிருக்கே பாட்டி, படிக்கலையா?"ன்னு கேட்டேன். கேட்டு முடிச்ச பிறகுதான் எனக்கு உறைச்சது.

"எனக்கு எழுத்து தெரியாது பிள்ள. கண்ணாடியே எங்கிட்ட கிடையாது."

(இதை எழுதலாமான்னு அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். பேரு போடாதேன்னாங்க, போடல.)

அவங்க தோட்டத்துல பொறந்தவங்க. அப்பா அம்மா விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்குப் போயிடுவாங்க. கைப்பிள்ளைய ஆயாக் கொட்டகைல விட்டுட்டு, நடுப் பிள்ளைங்களைப் பார்த்துக்க வீட்டுல மூத்த பொண்ணு இருக்கணும். ஒரு வருஷம்கூட பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டாங்க. தம்பிங்க ரெண்டு பேரும் ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்சாங்க. தோட்டத்துல பள்ளிக்கூடம் இல்லாம இல்ல. பள்ளி வயசுல பத்துப் பிள்ளைங்க இருந்தா தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்கணும்னு 1923 தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சு. பள்ளிக்கூடத்தை வைக்கணும்னுதான் சட்டம், பிள்ளைய அனுப்பியே ஆகணும்னு இல்ல. நம்ம நாட்டுல ஆரம்பக் கல்வி கட்டாயமானதே 2003-லதான். அதுக்குள்ள பாட்டிக்குப் பேரப் பிள்ளைங்களே வந்தாச்சு. தோட்டத்தை வித்து, தாமான் வீட்டுக்கு வந்து, பஸ் நம்பரை வச்சு ஊர் சுத்தி, வாட்சாப்புல குரல் மட்டும் அனுப்பி காலத்தை ஓட்டியிருக்காங்க. நம்பர் மட்டும் நல்லாவே படிப்பாங்க. ஏன்னு கேட்காதீங்க, நாலு நம்பர் கடைக்குப் போற எல்லாருக்கும் தெரியும்.

நிர்வாகத்துல பேசி அனுமதி வாங்கினேன். அடுத்த வாரமே மைக்கை எடுத்து, "எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு இலவச வகுப்பு, மண்டபத்துக்கு வாங்க"ன்னு அறிவிச்சேன். ஒருத்தரும் வரல. அந்தப் பாட்டிகூட வரல. நானும், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தங்களும் காலி மண்டபத்துல பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். டீச்சர்தான் சொன்னாங்க: "ஏம்மா, ஊரே பார்த்துக்கிட்டு இருக்கப்போ, எனக்குத் தெரியாதுன்னு யாரு எழுந்து வருவா?"

அடுத்த அறிவிப்புல "திருமுறை பார்த்துப் பாடும் வகுப்பு"ன்னு மாத்திட்டோம். பதினொரு பேர் வந்தாங்க. பொய் சொல்லிக் கூப்பிட்டோமான்னு எனக்கு உறுத்தல் இருந்துச்சு. டீச்சர் சிரிச்சாங்க: "பார்த்துப் பாடணும்னா படிக்கத்தானே வேணும்."

தினமும் பாடுற பதிகத்தைப் பெரிய எழுத்துல அச்சடிச்சு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தோம். அங்க ஒரு சிக்கல். இவங்களுக்கு அது தலைகீழா மனப்பாடம். விரல் முதல் வரியில நிக்குது, வாய் நாலாவது வரியில இருக்கு! படிக்கிற மாதிரியே இருக்கும், ஆனா படிக்கல. அதனால வரி வரியா வெட்டி, கலைச்சுப் போட்டு, "எது முதல் வரி, கண்டுபிடிங்க"ன்னு விட்டோம். அப்பத்தான் கண்ணு எழுத்தைத் தேட ஆரம்பிச்சது. இன்னொரு பக்கம் ட, ப, ம மூணுலயும் ஆரம்பிச்சாங்க டீச்சர். கோடு போடத் தெரிஞ்சா எழுதிடலாம். அந்த மூணை வச்சே படம், பட்டம், மடம், மட்டம். 247 எழுத்தையும் முதல் நாளே அட்டையில மாட்டி பயமுறுத்த வேண்டாம்னு அவங்க கண்டிஷன்.

ரெண்டாவது வாரம்தான் இன்னொண்ணு தெரிஞ்சது. பதினொரு பேர்ல நாலு பேருக்கு நிஜமாவே கிட்டப் பார்வை இல்ல. கண்ணாடிய மறந்துட்டேன்னு வாய்க்கு வந்த சாக்கு, பாதி உண்மையாவும் இருந்திருக்கு. படிக்காதவங்களுக்குக் கண்ணாடி எதுக்குன்னு வீட்டுல யாரும் வாங்கிக் கொடுக்கல.

தமிழ் எதுக்கு, கிளினிக்குல மலாய்தானே இருக்குன்னு நிர்வாகத்துல ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா நாக்குல இருக்குற மொழியில எழுத்துன்னா என்னன்னு ஒரு தடவை பிடிபட்டாதான் அடுத்ததைத் தொட முடியும்னு நான் நினைக்கிறேன். இப்போ கடைசி இருபது நிமிஷம் படிவம் நாலு படிக்கிற பொண்ணு ஒருத்தி ரூமி எழுத்து சொல்லிக் கொடுக்குறா. எல்லாம் கிடையாது, மருந்துப் பாக்கெட்டுல வர்ற சொற்கள் மட்டும். பாகி, மாலாம், செபெலும் மாக்கான், செலெபாஸ் மாக்கான். அவங்கவங்க மருந்துப் பையைத்தான் புத்தகமா கொண்டு வர்றாங்க. போன் பழக நாடி மையத்துலயே இலவசமா பயிற்சி தர்றாங்க, பிறகு அங்க கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம்.

எல்லாம் நல்லபடியா போகுதுன்னு சொல்ல மாட்டேன். மூணு பேர் நின்னுட்டாங்க. ஒருத்தங்களை மருமகள், "இந்த வயசுல படிச்சு என்ன வேலைக்கா போகப் போறீங்க"ன்னு கேட்டுட்டாங்களாம். ஆம்பளைங்க ஒருத்தர்கூட வந்து உட்காரல. தூண் பக்கத்துல பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா பக்கத்தைத் திருப்பாம இருக்குற ஒரு பெரியவர் உண்டு. தயவுசெஞ்சு யாரும் அவரை "உள்ள வாங்களேன்"னு கூப்பிட்டுடாதீங்க. அவர் பாட்டுக்கு இருக்கட்டும்.

நம்ம பாட்டி ஆறு மாசத்துல தன் பேரை எழுதுறாங்க. 'ல'வும் 'வ'வும் இன்னும் குழப்பம்தான். ஆனா தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளி, கவுண்டருக்கு வந்து மடிச்ச தாள் ஒண்ணு நீட்டுனாங்க. பேரும் நட்சத்திரமும், கோணல் மாணலா. நான் சீட்டு எழுதுறப்போ என் கைதான் நடுங்குச்சு.

இப்போ உங்ககிட்ட கேட்குறது இதுதான். ஞாயிறு காலை 11 மணிக்கு ஒரு மணி நேரம் பக்கத்துல உட்கார ஆள் வேணும். ஆசிரியரா இருக்கத் தேவையில்ல, கையைப் பிடிச்சு எழுத வைக்கப் பொறுமை இருந்தா போதும். வீட்டுல முதலாம் ஆண்டு பழைய தமிழ்ப் புத்தகம் இருந்தா கொடுங்க. படிக்கிற கண்ணாடி 2.00, 2.50 பவர்ல புதுசா இருந்தா நல்லது. கோவில் அலுவலகத்துல சொல்லிட்டு வச்சிடுங்க. கவுண்டர்ல தாளும் பேனாவும் எடுத்தாச்சு. பேரைச் சொன்னா போதும், நாங்களே எழுதிக்கிறோம்.

விஜயதசமிக்குச் சின்னப் பிள்ளைங்களுக்குத் தட்டுல அரிசி பரப்பி எழுத்தறிவிக்கிறோம் இல்லையா? போன வாரம் பாட்டி மெதுவா வந்து, "எங்களுக்கும் ஒரு தட்டு வைப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. குருக்கள்கிட்ட கேட்டோம், தாராளமா வைக்கலாம்னுட்டார். எட்டுத் தட்டு. தரையில உட்கார முட்டி மடங்காது, நாற்காலி வேணும்னு சொன்னாங்க. அதுக்கும் சொல்லி வச்சாச்சு.