ஷ்மிட்டின் சுவர்

ஃபிரெடரிக் டெய்லர் 1911-ல் வெளியிட்ட நிர்வாக விஞ்ஞான நூலில் ஷ்மிட் என்றொரு கூலியாள் வருகிறான். நம் நாவல்களில் இப்படி ஒரு பாத்திரம் அமைவது அபூர்வம். 1899-ல், பென்சில்வேனியாவின் பெத்லஹேம் ஆலையில், ஒவ்வொன்றும் சுமார் 42 கிலோ கனக்கும் இரும்புப் பாளங்களை ரயில் வண்டியில் ஏற்றுவது வேலை. ஆளுக்கு நாளொன்றுக்கு 12.5 டன் ஏற்றினார்கள். கடிகாரத்தோடு நின்றவன் தூக்கு என்றால் தூக்கி, உட்கார் என்றால் உட்கார்ந்து, ஷ்மிட் 47.5 டன் ஏற்றினான். கூலி 1.15 டாலர், 1.85 ஆயிற்று. உழைப்பு ஏறத்தாழ நாலு மடங்கு. கூலி ஒன்றரைக்குச் சற்று மேல்.

(இதில் டெய்லரின் கற்பனை நிறைய என்று 1974-ல் ஆராய்ந்து காட்டிவிட்டார்கள். இருக்கட்டும். கதாசிரியனை அவன் கதையை வைத்தே படிக்கலாம்.)

இந்த வேலைக்கு ஏற்றவன் புத்தியில் எருதை ஒத்தவன் என்கிறார் டெய்லர். ஆனால் சில பக்கங்கள் முன்னால், போகிற போக்கில், ஒரு தகவல்: ஷ்மிட் சிறு மனை வாங்கி, வேலைக்குப் போகுமுன்னும் திரும்பிய பின்னும் தன் வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். அவனைத் தேர்ந்ததே இந்தத் தெம்பைப் பார்த்துத்தான். எருது மனை வாங்குமா என்று டெய்லருக்குத் தோன்றவில்லை. சுவருக்கு யாரும் கடிகாரம் பிடிக்கவுமில்லை.

இன்று யந்திரங்களுக்குப் பரீட்சை வைத்து மார்க் போடுகிறார்கள். யந்திரங்கள் எங்களுக்குப் போடுகின்றன. கவுண்ட்டரில் ஓர் ஆளை அனுப்ப எத்தனை நிமிஷம் என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. பென்ஷன் வாங்க வரும் கிழவருக்குப் படிவத்தை இரண்டாம் முறை விளக்கினால் என் எண் இறங்குகிறது. இரண்டாம் முறையில்தான் அவருக்குப் புரிகிறது.

கவிதையில் படிமங்களை எண்ணி மதிப்பிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. நல்லவர்கள்தான். டெய்லரும் தொழிலாளிக்குக் கூலி கூட வேண்டும் என்று மனதார நினைத்தவர்.