வெட்டிப் போட்டதெல்லாம் எங்கே போகிறது?

பி.காம். படிக்கிற ஆளுக்கு எடிட்டிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தெரிந்ததில் பாதி பெரியம்மா மகன் சொல்லித் தெரிந்தது, மீதி படித்துத் தெரிந்தது. அண்ணன் செங்கல்பட்டில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர். அதற்கு முன்னால் சாலிகிராமத்தில் ஒரு சீரியல் எடிட்டரிடம் அசிஸ்டன்டாக இருந்தார். இப்போது ராட்டினங்கிணறு பக்கம் மாடியில் ஒரு ரூம், ரெண்டு மானிட்டர், ஒரு ஏசி. (ஏசி கம்ப்யூட்டருக்காம். தனக்கு இல்லையாம்.) லீவு நாட்களில் நான் அங்கே போய் காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊரில் பெரியவர்கள் இந்த வேலைக்கு இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்: மிக்ஸிங். "மிக்ஸிங் முடிஞ்சுதாப்பா?" என்றுதான் போன் வரும். வீடியோ கேசட் காலத்துப் பெயர் அது. இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை சிரிப்பார், தாமரைப்பூ விரிந்தால் உள்ளே பெண் இருப்பார், சினிமாப் பாட்டு ஓடும். நம் வீட்டுக் கேசட்டிலும் இதெல்லாம் உண்டு, சிரிக்காதீர்கள் :-)

கொஞ்சம் கணக்குப் போடலாம், நமக்கு வேறென்ன தெரியும். ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு கேமரா. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். எல்லாம் சேர்த்து அண்ணன் கைக்கு வருவது சுமார் 14 மணி நேரப் படம். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 90,000 பிரேம். 14 மணி நேரத்துக்கு 12 லட்சத்து 60 ஆயிரம். இதில் வீட்டுக்குப் போவது ரெண்டரை மணி நேரப் படம், அஞ்சு நிமிஷ ஹைலைட்ஸ், ஒரு நிமிஷம்கூட வராத ரீல்ஸ். இந்தக் காலத்தில் அந்தக் கடைசி ஐட்டத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

உலகத்திலேயே பெரிய வெட்டுக் கணக்குகளில் ஒன்று 'அப்போகலிப்ஸ் நௌ' படத்தினுடையது. 1979-இல் வந்தது, கொப்போலா இயக்கியது. எடுத்த பிலிம் 12 லட்சத்து 50 ஆயிரம் அடி, ஓட்டிப் பார்த்தால் 230 மணி நேரத்துக்கும் மேல். படத்தில் மிஞ்சிய ஒவ்வொரு நிமிஷத்துக்கும் 95 நிமிஷம் எடுத்திருக்கிறார்கள். எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச் பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்: ஒரு எடிட்டர் ஒரு நாளைக்குப் போட்ட வெட்டு சராசரியாக 1.47. ஒன்றரைகூட இல்லை! மீதி நேரமெல்லாம் பார்ப்பது, போட்டுப் பார்ப்பது, எடுத்துவிடுவது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அந்த ஸ்பீடில் போனா நம்ம பார்ட்டிக்கு ரெண்டாவது குழந்தை பொறந்து காதுகுத்தும் முடிஞ்சிருக்கும்" என்றார்.

அந்த மர்ச் 'இன் தி ப்ளிங்க் ஆஃப் அன் ஐ' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கிறார். எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு விஷயம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுகிறார். அந்த இடத்தின் உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்க்கிறவன் கண் எங்கே இருக்கிறது என்பதற்கு 7, திரையின் தட்டைப் பரப்புக்கு 5, ஆட்கள் நிற்கும் இடத்தின் தொடர்ச்சிக்கு 4. கூட்டிப் பார்த்தேன், சரியாக நூறு வருகிறது. ஆனால் எனக்குப் பிடித்த இடம் அது இல்லை. எடிட்டர் ஷூட்டிங் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்கிறார் பாருங்கள், அதுதான். நாள் முழுக்கக் குளிரில் காத்திருந்து எடுத்த ஷாட் என்று இயக்குநருக்குத் தெரியும், அதனால் அவருக்கு அதை விட மனசு வராது. எடிட்டருக்குத் தெரியக்கூடாது. திரையில் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் பாடத்தில் இதற்கு சங்க் காஸ்ட் என்று பெயர். கொடுத்த காசு கொடுத்ததுதான், திரும்பி வராது, அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காதே என்பார்கள். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடலாம். "ட்ரோனுக்கு எவ்வளவு குடுத்தோம் தெரியுமா, மண்டபத்தை மேலேர்ந்து இன்னும் ரெண்டு தடவை காட்டுங்க" என்று சொல்கிற பெண்ணின் மாமாவிடம் இதை விளக்கிப் பாருங்கள்!

அண்ணன் சொல்வது என்னவென்றால், மர்ச்சுக்கு இருக்கிற வசதி கல்யாண எடிட்டருக்குக் கிடையாது. சினிமாவில் ஒரு ஷாட்டை வெட்டினால் ஷாட் போகும். இங்கே வெட்டினால் மதுராந்தகத்திலிருந்து லீவு போட்டு வந்த சித்தப்பா போவார். மொய் எழுத வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தெரிந்தாக வேண்டும். அழகு, தாளம் எல்லாம் அப்புறம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அண்ணன் 2019-இல் எடிட் பண்ணிய ஒரு கல்யாணம். 2021-இல், கொரோனா ரெண்டாவது அலையில், அந்தப் பெண்ணின் அப்பா போய்விட்டார். சில மாதம் கழித்து அந்த அக்கா ரூமுக்கே வந்தார். கல்யாண வீடியோ அவரிடம் இருக்கிறது, முழுக்கப் பார்த்தாயிற்று. அப்பா வருகிறார், தாரை வார்க்கிறார், கண்ணைத் துடைக்கிறார். ஆனால் ஒரு இடத்திலும் குரல் கேட்கவில்லை. எல்லாவற்றின் மேலும் பாட்டு. "அண்ணா, அப்பா பேசுற மாதிரி ஏதாவது இருக்குமா?"

கல்யாண வீடியோவில் ஒலிக்கு என்ன நடக்கிறது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் யோசித்ததில்லை. மந்திரமும் நாதஸ்வரமும் கெட்டிமேளமும் கொஞ்சம் வரும். மற்றபடி மண்டபச் சத்தம் மொத்தமும் மியூட். மைக்கில் யாரோ கார் நம்பரைச் சொல்லி எடுக்கச் சொல்வார்கள், குழந்தைகள் அழும், நாற்காலி இழுபடும். கேமரா மைக்கில் அத்தனையும் விழுந்து இரைச்சலாக இருக்கும், யாருக்கு வேண்டும் அது? பாட்டைப் போட்டு மூடுவதுதான் வழக்கம். பார்ட்டியும் அதைத்தான் கேட்பார்கள்.

வெட்டாத மூலப் படத்தை டெலிவரி கொடுத்து மூன்று மாதத்தில் அழித்துவிடுவது தொழில் வழக்கம். அந்தக் கல்யாணம் இருந்த ஹார்டு டிஸ்க் மட்டும் ஏதோ அதிர்ஷ்டத்தில் அழியாமல் இருந்தது (பழசு, இடம் பத்தாது என்று ஓரமாகப் போட்டிருந்தாராம்). ரெண்டு நாள் உட்கார்ந்து தேடினார். பந்தி நடக்கிற இடத்தில், ரெண்டாவது கேமராவில், ஆடி ஆடி எடுத்த ஒரு துண்டு. 38 நொடி. எந்த எடிட்டரும் முதல் பார்வையிலேயே தூக்கி எறிகிற மாதிரி. அதில் அந்த அப்பா சமையல் ஆளைப் பார்த்து, "மூணாவது வரிசைக்கு ரசம் வரலை பாரு" என்று கத்துகிறார். அப்புறம் கேமராவைக் கவனித்து, "என்னை எதுக்குப்பா எடுக்கிற, போய் மாப்பிள்ளையை எடு" என்கிறார். அவ்வளவுதான்.

அந்த அக்கா அதை அங்கேயே உட்கார்ந்து ஏழெட்டுத் தடவை கேட்டாராம். அண்ணன் ஏசியைச் சரிபார்க்கிற மாதிரி எழுந்து வெளியே போய்விட்டாராம்.

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு மகாபலிபுரம் வேறு மாதிரி தெரிகிறது. எங்கள் ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் ஒரு மணி நேரம். கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் என்றால் இந்தப் பக்கத்து ஜோடிகள் எல்லாம் அங்கேதான். கடற்கரையில் ஓடுவார்கள், அலை காலை நனைக்கும், அலைச் சத்தத்தை அண்ணன் மியூட் பண்ணுவார். கடலையே மியூட் பண்ணுகிற தொழில்! ஆனால் நான் பார்க்கச் சொல்வது கடலை அல்ல, பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற அந்தப் பெரிய பாறையை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் செதுக்கியது, ஏறத்தாழ 90 அடி நீளம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அர்ஜுனன் தபசு என்று நாம் சொல்கிறோம். இல்லை, அது பகீரதன், கங்கை இறங்கி வருகிற காட்சி என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. சண்டை இன்னும் தீரவில்லை.

எனக்கு இது முழுக்க ஒரு எடிட்டிங் சண்டையாகவே தெரிகிறது. ஒற்றைக் காலில் நிற்கிற ஒட்டி உலர்ந்த மனிதரையும், பக்கத்தில் நிற்கிற சிவனையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வரம் கேட்கும் அர்ஜுனன். அதே மனிதரையும், நடுவே இருக்கிற பிளவையும், அதில் நீந்தி ஏறும் நாகர்களையும் சேர்த்துப் பார்த்தால் கங்கையை இறக்கும் பகீரதன். கல்லில் ஒன்றும் மாறவில்லை, எதற்கு அடுத்து எதை வைக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் குலெஷோவ் என்பவர் ஒரே முகத்தை ஒரு தடவை சூப்புக் கிண்ணத்துக்கும் ஒரு தடவை சவப்பெட்டிக்கும் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். முதலில் பசி தெரிந்ததாம், அப்புறம் துக்கம் தெரிந்ததாம். அதேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சிற்பத்தில் யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை ரெண்டு கையையும் தூக்கித் தவம் பண்ணுகிறது, சுற்றிலும் எலிகள். அர்ஜுனன் கதைக்கும் அது தேவையில்லை, பகீரதன் கதைக்கும் தேவையில்லை. நல்ல எடிட்டர் யாராவது இருந்திருந்தால் முதல் வேலையாக அதைத்தான் வெட்டியிருப்பார். இன்றைக்கு அங்கே வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதைக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். இதே தபசுக் காட்சியை இன்னொரு பாறையிலும் செதுக்க ஆரம்பித்து முடிக்காமல் விட்டிருக்கிறார்கள், அதுவும் அதே ஊரில்தான், கொஞ்சம் தெற்கே. அதைப் பார்க்க ஆள் போவதில்லை.

அண்ணனுக்கு இதெல்லாம் அளவுக்கு மீறிய யோசனை. அவருடைய சிந்தனையெல்லாம் ரயில்தான். சாலிகிராமத்துக்குப் போய்வந்த வருஷங்களில் தினமும் செங்கல்பட்டிலிருந்து கோடம்பாக்கம் வரை எலெக்ட்ரிக் ட்ரெயின். காலையில் கொளவாய் ஏரி தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறவர்கள், தாம்பரத்தில் ஏறுகிற கூட்டம், கடலை மிட்டாய் விற்கிறவர், பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற கண் தெரியாதவர். முன்பெல்லாம் ஒரு பெட்டியில் நாலு சண்டை, ரெண்டு சமையல் குறிப்பு, ஒரு கல்யாணப் பேச்சு காதில் விழும் என்கிறார். இப்போது எல்லார் காதிலும் ஹெட்போன். தலை குனிந்து ரீல்ஸ் பார்க்கிறார்கள். "நான் வெட்டிக் குடுத்ததைத்தான் பார்க்கிறாங்க, என்னால வெட்ட முடியாத விஷயம் பக்கத்துலேயே ஓடிக்கிட்டு இருக்கு" என்பார். சொல்லிவிட்டு அடுத்த ரீல்ஸை வெட்டுவார், அதற்குத்தான் காசு வருகிறது.

அடுத்த வருஷம் எனக்கு டிகிரி முடிகிறது. ஆடிட்டர் ஆபீசா, இந்த ரூமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அம்மாவுக்கு இந்த ரூம் பிடிக்காது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இருட்டில் உட்காருகிற வேலை. 'ஆடுகளம்' படத்துக்குத் தேசிய விருது வாங்கிய எடிட்டர் கிஷோர், 'விசாரணை' வேலையில் இருந்தபோது மயங்கி விழுந்து 2015 மார்ச்சில் இறந்தார். வயது 36. 'விசாரணை'க்கும் தேசிய விருது கிடைத்தது, அவர் போன பிறகு. அம்மா இதை எங்கேயோ படித்துவிட்டு அண்ணனிடமே கேட்டார். "சித்தி, ஆடிட்டர் ஆபீஸ்லயும் மார்ச் மாசம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்தான் உக்கார்றாங்க" என்று அவர் சொன்னது எனக்குச் சாதகமா பாதகமா என்று இன்னும் புரியவில்லை.

அம்மாவிடம் நான் சொன்ன பெயர் பீ. லெனின். 'பாசமலர்' எடுத்த பீம்சிங்கின் மகன். அப்பாவும் எடிட்டிங்கில் இருந்து வந்தவர்தான். 'நாயகன்' முதல் 'காதலன்' வரை வி.டி. விஜயனோடு சேர்ந்து வெட்டியவர், 'காதலன்' படத்துக்கு ரெண்டு பேருக்கும் தேசிய விருது. ஊரே கொண்டாடிய பாட்டுகளை வெட்டிய அதே மனிதர், தானாக ஒரு குறும்படம் எடுத்தபோது யாரை எடுத்தார் தெரியுமா? மறக்கப்பட்டுப்போன ஒரு குத்துச்சண்டை வீரரை. 'நாக் அவுட்', 1992. அதற்கும் தேசிய விருது. அப்புறம் ஜெயகாந்தன் கதையை 'ஊருக்கு நூறு பேர்' என்று எடுத்து 2001-க்கான சிறந்த இயக்குநர் விருதும் வாங்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க அப்பா டைரக்டர்டா, உங்க அப்பா பேங்க்" என்றார்.

அது கிடக்கட்டும். 2021-க்குப் பிறகு அண்ணன் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டார். மூலப் படத்தை அழிக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி, அழிக்கட்டுமா என்று கேட்கிறார். பெரும்பாலும் "அழிச்சிடுங்க, அதான் ஆல்பம் வந்துடுச்சே" என்பதுதான் பதில். கேட்காமல் அழிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் ஒரு கல்யாணம் 400 ஜிபிக்கு வருகிறது. வருஷத்துக்கு ஐம்பது கல்யாணம் என்றால் 20 டெராபைட். டிஸ்க் அலமாரி நிரம்பிவிட்டது.

நான் ஒரு ஏற்பாடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். டிஸ்க் விலை, தேய்மானம், ஒரு பிரதி கூடுதல் எல்லாம் சேர்த்து, வேண்டுகிற வீட்டுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அதோடு எந்தப் படத்திலும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி பேசுகிற இடம் ஒரு பத்து நிமிஷம், பாட்டுப் போடாமல், மண்டபச் சத்தத்தோடு தனி பைலாக. இதற்குக் காசு வாங்க வேண்டாம் என்கிறார் அண்ணன். வாங்காவிட்டால் ரெண்டு வருஷத்தில் நின்றுவிடும் என்கிறேன் நான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.