கடலின் வெப்பமும் கூந்தன்குளத்துக் கூடுகளும்

சங்கரன்கோவில் வட்டாரத்தாருக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். ஆடித் தபசுக்கு ஊர் திரளும் நாள்களில் மேற்கே குற்றாலத்தில் சாரல் பொழிந்துகொண்டிருக்கும். நமக்கோ வறண்ட காற்றும் புழுதியுமே மிஞ்சும். மலையின் மழைமறைவில் கிடக்கும் இப்பகுதியின் குளங்களெல்லாம் வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழைக்காகவே வாய் திறந்து காத்திருக்கின்றன. கடலைக் காண முடியாத ஊர். ஆயினும் கடலின் குணத்தை நம்பி வாழும் ஊர். இவ்வுண்மையை எனக்குத் தெளிவாகக் கற்பித்தவை பறவைகள்.

மாசி மாதத்தில் ஒரு நாள், இளைஞர் நால்வருடன் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைக் காணப் புறப்பட்டேன். பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி சேர்ந்து, அங்கிருந்து மூலைக்கரைப்பட்டிச் சாலையில் சென்றோம். நாங்குநேரி வட்டத்திலுள்ள இச்சிற்றூரின் குளம் 1994ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அரசாணை வருமுன்பே ஊரார் பறவைகளுக்கு அடைக்கலம் கொடுத்திருந்தனர்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்றது மணம் அன்று, நாற்றம்! வீட்டு முற்றங்களில் நிற்கும் மரங்களிலெல்லாம் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. கிளைகள் சுண்ணாம்பு அடித்தாற்போல் எச்சத்தால் வெளுத்திருந்தன. குஞ்சுகளின் இரைச்சலில் மனிதர் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. கூழைக்கடாக்கள் இரை சுமந்து வந்து இறங்கின. ஒரு பெண்மணி சிறிதும் முகம் சுளிக்காமல் அம்மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

குளக்கரையில் நின்ற முதிய விவசாயி ஒருவரை அணுகி, "அண்ணாச்சி, இவ்வளவு தொந்தரவையும் எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தொந்தரவு என்ன சாமி? இந்தக் குளத்துத் தண்ணி பாயுத வயலுக்கு உரம் ரொம்ப வேண்டாம். மழை பெஞ்சாத்தான் குளம் பெருகும். குளம் பெருகுனாத்தான் இதுக வரும். தண்ணி இல்லாத வருசம் ஊரே வெறிச்சுன்னு கெடக்கும்" என்றார்.

அந்நேரம் சிறிய வெண்ணிறப் பறவை ஒன்று நீர்ப்பரப்பை உரசிப் பறந்து, எதையோ கொத்திக்கொண்டு எழும்பிற்று. "இதற்குப் பெயர் மீசை ஆலா" என்றேன். "ஆலா கடலில் அல்லவா இருக்கும், சாமி?" என்று கேட்டான் ஓர் இளைஞன். ஆலா இனங்களுள் பல கடலையே வீடாகக் கொண்டவை. குளத்திலும் வயலிலும் இரை தேடுபவையும் உண்டு. அக்கேள்வியைத் தொடர்ந்து எங்கள் பேச்சு கரையிலிருந்து கடலுக்குச் சென்றது.

அன்பு வாசகர்களே, தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரைக்குச் சற்றே மனத்தால் வாருங்கள். அங்கே வீசும் காற்று கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழும். அந்நீர் கொணரும் சத்துகளால் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் தழைக்கும். அவற்றால் நெத்திலி வகை மீன்கள் பெருகும். அம்மீன்களால் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் இலட்சக்கணக்கில் வாழும். அவை தங்கும் தீவுகளில் மலையாய்க் குவிந்த எச்சத்தை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கப்பல் கப்பலாக வாங்கி வயல்களுக்கு உரமாக்கினர். கூந்தன்குளத்து முதியவர் கூறியதே அங்கும் நிகழ்ந்திருக்கிறது!

ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்காற்று தளர்ந்துவிடும். மேற்கிலிருந்து வெதுவெதுப்பான நீர் வந்து பரவி, குளிர்நீரின் மீது மூடிபோல் படியும். மீன் ஆழத்திற்கோ வேறிடத்திற்கோ நகர்ந்துவிடும். நீரின் மேற்பரப்பில் கொத்தியோ சில அடி மூழ்கியோ இரை பிடிக்கும் பறவைக்கு அது எட்டாது. கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி இவ்வெப்பநீர் வருவதைக் கண்ட மீனவர், குழந்தை இயேசுவை நினைத்து அதற்கு 'எல் நினோ' என்று பெயரிட்டனர். அவர்கள் மொழியில் அதற்கு 'குழந்தை' என்று பொருள்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே கிறிஸ்துமஸ் தீவு உள்ளது. 1777ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கேப்டன் குக் அதனைக் கண்டதால் அப்பெயர் வந்தது. (இந்துமாக் கடலில் இதே பெயர் கொண்ட தீவு வேறு.) 1982ஆம் ஆண்டு நவம்பரில் அங்குச் சென்ற ஆராய்ச்சியாளர் திகைத்து நின்றனர். அங்கு வாழ்ந்துவந்த ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் கடற்பறவைகள் காணப்படவில்லை. அவற்றுள் ஆலாக்களே மிகுதி. தாய்ப்பறவைகள் கூட்டை விட்டு அகன்றிருந்தன; குஞ்சுகள் பட்டினியால் மடிந்து கிடந்தன.

"பெற்ற தாயே கைவிடுமா?" என்று இளைஞர் வருந்தினர். ஆலா போன்ற கடற்பறவைகள் பல ஆண்டுகள் வாழ்பவை. பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே முட்டைதான். இரை அற்ற ஆண்டில் குஞ்சோடு தானும் மடிந்தால் வம்சமே அறும். தான் பிழைத்தால் மறு ஆண்டு முட்டையிடலாம். கடல் குளிர்ந்தபின் அத்தீவுக்குப் பறவைகள் திரும்பிவந்து மீண்டும் கூடு கட்டின.

இதில் வியப்பு என்னவெனில், அங்கே பட்டினி தரும் எல் நினோ நம் வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் துணை செய்கிறது. இந்துமாக் கடலின் மேற்குப் பகுதி சூடேறி, கிழக்குப் பகுதி குளிரும்போதும் நமக்கு மழை மிகும் வாய்ப்பு உண்டு. எல் நினோ தணிந்து, கடலின் நிலை தலைகீழான 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிடச் சுமார் 62 விழுக்காடு குறைந்தது. மீண்டும் எல் நினோ வந்த 2023ஆம் ஆண்டு டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடானதை நாம் மறக்கவில்லை. ஆம், ஒரே வெப்பம் ஒரு கரையில் கூட்டை வெறுமையாக்குகிறது. மற்றொரு கரையில் குளத்தை நிரப்பிக் கூடு கட்ட வழிசெய்கிறது. அளவு மீறினால் இங்கும் அழிக்கிறது.

கடலின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கப் பறவை அறியும். மனிதனின் பேராசையைத் தாங்க அதனால் இயலவில்லை. பெருவில் 1970இல் 1 கோடியே 20 இலட்சம் டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்தனர். 1972இல் எல் நினோவும் சேர்ந்துகொள்ளவே, 1973இல் அது ஏறத்தாழ 20 இலட்சம் டன்னாக வீழ்ந்தது. முன்பெல்லாம் எல் நினோவுக்குப் பின் மீண்டெழுந்த பறவைக் கூட்டம், அதன் பங்கை வலைகள் வாரிக்கொண்டபின் 1950களின் எண்ணிக்கையை மறுபடி எட்டவே இல்லை. இன்று மனிதச் செயலால் கடல் முழுவதுமே மெல்லச் சூடேறி வருகிறது. பறவை மீண்டெழுவதற்கான இடைவெளி சுருங்குமோ என்பதே இப்போதுள்ள அச்சம்.

கூந்தன்குளத்தார் கடலைக் குளிர்விக்க வல்லவர்கள் அல்லர். பருவமழையை வரவழைக்கவும் அவர்களால் ஆகாது. ஆயினும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். கூடுள்ள கிளையை வெட்டுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்க்கிறார்கள். வறண்ட ஆண்டில் வாராது போன பறவை, மழை பெய்த ஆண்டில் திரும்பி வரும்போது அதன் மரம் அங்கேயே நிற்கிறது.

மாலையில் ஊர் திரும்பும்போது, வழியோரக் குளங்கள் சிலவற்றில் இன்னும் நீர் கிடந்தது. மற்றவற்றின் உட்பரப்பில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. "இந்த ஆண்டு மழைக்கு முன் நம் குளத்தைத் தூர்வாரி, கரையில் நாலு மரம் வைக்கலாமா, சாமி?" என்று கேட்டான், ஆலாவைப் பற்றி வினவிய அதே இளைஞன். ஆடி முடியுமுன் வேலையைத் தொடங்குவது என்று பேருந்திலேயே முடிவு செய்தோம்.