அமரவிளை செக்போஸ்டும் லினக்ஸ் கர்னலும்

கம்ப்யூட்டர் பற்றி நீ எழுதுவதா என்று யாரும் சிரிக்க வேண்டாம். படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை, இருப்பது மஸ்கட். ஆனால் சில மாதங்களுக்கு முன் என் கவுண்டரில் நடந்த ஒன்று இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்ல, கொஞ்சம் கர்னலும் கொஞ்சம் எங்கள் ஊர் செக்போஸ்டும் வேண்டியிருக்கிறது.

மாதக் கடைசி வியாழன். களியக்காவிளைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் பணம் அனுப்ப வந்திருந்தார். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ், மறுநாள் கடைசி நாள். சர்வர் நகரவே இல்லை. ஒரு திரை திறக்க ஐந்து நிமிடம். கவுண்டர் மூடும் நேரமாகிவிட்டது.

"சிஸ்டம் ஸ்லோ அண்ணே, ஞாயித்துக்கிழம வாருங்க."

"நாளைக்குள்ள கெட்டணும் சாரே..."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே நின்றார். பாறசாலையில் இருக்கும் என் தம்பிக்கு போன் போட்டேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய், என் கணக்கில் இருபதாயிரம் ரூபாயை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். கொத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த நன்றிதான் உறுத்தல்.

ஏனென்றால் சர்வர் படுத்ததற்கு நானும் காரணம். இரண்டு வாரம் முன்பு, அவ்வப்போது வரும் ஒரு சிறு தடங்கலைக் கண்டுபிடிக்க எஞ்சினியர்கள் வந்திருந்தார்கள். எதையெல்லாம் பதிவு செய்யலாம் என்று மீட்டிங்கில் கேட்டார்கள். ஆடிட் பார்த்துப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "ஒன்றையும் விடாதீர்கள், எல்லாம் பதிவாகட்டும்" என்றேன். கர்னலில் எல்லா ஃபங்ஷனுக்கும் டிரேஸ் போட்டார்கள். வேலை முடிந்ததும் அணைக்க மறந்தார்கள்.

அக்கா மகன் பெங்களூரில் இந்த வேலையில்தான் இருக்கிறான். அன்று இரவு அவனைக் கூப்பிட்டேன்.

"மக்களே, எல்லாத்தையும் எழுதி வச்சா என்னடே தப்பு?"

"மாமா, அமரவிளை செக்போஸ்டுல நீங்க நின்னது இல்லையா?"

நிற்காமலா! அப்பா களியக்காவிளைச் சந்தையில் சரக்கு ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோவார். பாறசாலை, உதியன்குளங்கரை தாண்டினால் அமரவிளை. லாரி வரிசையைப் பார்த்தாலே அப்பாவுக்கு முகம் வாடிவிடும். எங்கள் வண்டியில் ஒளிக்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் நின்றே ஆகவேண்டும். காய்கறி வாடும் வரை நின்ற நாட்கள் உண்டு.

அதை வைத்தே அவன் விளக்கினான். கர்னல் என்பது பல்லாயிரம் ஃபங்ஷன்களின் கூட்டம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வேலை. எது எதைக் கூப்பிட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்க்க, ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் கம்பைலர் ஒரு செக்போஸ்ட் வைக்கிறது. அதன் பழைய பெயர் எம்கவுண்ட். சிக்கல் என்னவென்றால், யாரும் சோதிக்காத நாளிலும் வண்டி அங்கே நின்று போகவேண்டும். வெறுமனே போய்த் திரும்புவதற்கே சுமார் 13 சதவீத வேகம் போய்விடும் என்று, இதை உருவாக்கிய ஸ்டீவன் ரோஸ்டெட் தம் உரைகளில் சொல்லியிருக்கிறாராம்.

2008-ல் லினக்ஸில் சேர்ந்த எஃப்டிரேஸ் இதற்கு ஒரு வழி கண்டது. மெஷின் கிளம்பும்போதே அத்தனை செக்போஸ்டையும் அழித்து, அதே அளவு இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையை வைத்துவிடுவது. நம் வழக்கமான இன்டெல் வகை பிராசசர்களில் அந்த இடம் வெறும் 5 பைட். தடுப்புக்கம்பு இல்லை, இடம் மட்டும் இருக்கிறது. சோதனை வேண்டும் என்றால் வேண்டிய வாசலில் மட்டும் கம்பைத் திரும்ப நடலாம். மற்ற நாளில் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

கேட்க சுலபம். ஓடும் சாலையில் கம்பு நடுவது சுலபமா? அதே 2008-ல் பெரிய விபரீதம் நடந்தது. சோதனைப் பதிப்பு கர்னலைப் போட்டவர்களின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் சில செயலிழந்தன. அக்டோபரில்தான் காரணம் பிடிபட்டது. செக்போஸ்ட் இருந்த ஒரு விலாசத்தை எஃப்டிரேஸ் குறித்து வைத்திருந்தது. அந்த நிலம் கைமாறி, கார்டின் நினைவகம் அங்கே குடிவந்துவிட்டது. அது தெரியாமல் பழைய விலாசத்தில் போய் எழுதிவிட்டது! பழைய முகவரிக்கு செக்புக் அனுப்பின கதைதான். உடனே அந்த வசதியை முடக்கினார்கள். பிறகு விலாசப் பட்டியலைக் கர்னலைக் கட்டும்போதே தயாரிக்கும்படி மாற்றினார்கள்.

முதலில் கம்பு நடுவதற்கு மொத்த மெஷினையும் ஒரு கணம் நிறுத்துவார்களாம். 2012-ல் அதையும் தவிர்த்தார்கள். முதல் பைட்டில் ஒரு தற்காலிகக் கொடி. அதை மிதிக்கும் வண்டி பத்திரமாகத் திருப்பி விடப்படும். அதற்குள் மீதி பைட்டுகளை மாற்றி, கடைசியில் கொடியை எடுத்துவிடுவார்கள். போக்குவரத்து நிற்பதில்லை. எழுதும் பேரேட்டிலும் ஒரு நுட்பம். ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனிப் பேரேடு. எங்கள் வங்கியில் ஒவ்வொரு கேஷியருக்கும் தனி ஸ்க்ரோல் இருப்பது போல. ஒருவர் எழுதி முடிக்க இன்னொருவர் காத்திருக்க வேண்டாம்.

"இவ்வளவு செய்தும் எங்க சர்வர் ஏன்டே படுத்துது?"

"நீங்க எல்லா வாசலிலயும் கம்பு நடச் சொன்னீங்க மாமா. சும்மா இருக்கும்போது செலவில்லாம பண்ணலாம். எல்லாத்தையும் எழுதச் சொன்னா எழுதுற செலவு இருக்கத்தான செய்யும்? எந்த ஃபங்ஷன் வேணும்னு பேர் சொல்லி ஃபில்டர் போடணும்."

பதில் சொல்ல முடியவில்லை. ஆடிட்டில்கூட எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை, சந்தேகமுள்ளதைத் தேர்ந்தெடுத்துத்தான் பார்க்கிறோம். தெரியாத இடம் என்றதும் அந்தப் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். என் கையெழுத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்ற பயம். அதன் செலவை வரிசையில் நின்றவர் கட்டினார்.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் கேரளத்தின் வணிகவரி செக்போஸ்டுகள் போய்விட்டன. அதைப் பார்க்க அப்பா இல்லை. இருந்திருந்தால் அமரவிளையில் பிரேக் போடாமல் ஒருமுறை போய் வந்திருப்பார்.

இப்போது டிரேஸ் கேட்டு வரும் தாளில் மூன்று கேள்வி சேர்த்திருக்கிறேன். எதை, எத்தனை மணி வரை, அணைப்பது யார்?

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் பணத்தோடு வந்தார். ஃபீஸ் கட்டிய ரசீதை மகள் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். காட்டினார்.

"இன்னைக்கு சிஸ்டம் கொள்ளாமா சாரே?"

"கொள்ளாம் அண்ணே. அன்னைக்குக் கெடுத்தது நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. வரிசையில் பின்னால் ஆள் நின்றதால் நானும் விளக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.