பன்னிரண்டுக்கு மேல் ஏறாதே

தீபாவளி விடுமுறை வந்துவிட்டால் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் குடும்பம் குடும்பமாகக் கார்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்திப் படம் எடுத்து, தானா ராத்தாவில் பசியாறி, பத்து மணிக்கு மேல்தான் காட்டுக்குள் கால் வைக்கிறார்கள். கைப்பேசியில் தடம் இருக்கும்போது மலிம் என்னும் மலை வழிகாட்டி எதற்கு, முன்னால் நடக்க ஒரு ஆளுக்குக் கூலியா என்றும் கேட்கிறார்கள். மலையேற்றிவிடுவதுதான் மலிமின் வேலை என்று எண்ணுவதால் வரும் கேள்வி இது. ஏறுவதற்கு யார் தயவும் வேண்டாம். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்வதும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அதிலிருந்து நழுவாமல் இருப்பதுமே எங்கள் தொழில்.

ஐப்பசியில் பருவக்காற்று மாறுகிறது. காலையில் சுள்ளென்று வெயில். அந்தச் சூட்டில் ஈரக்காற்று தீத்திவங்சா மலைத்தொடரின் சரிவில் மேலேறி, பிற்பகலில் இடியோடு கொட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை குளிர்கிறது. தாப்பாவில் வியர்வை வழியும் அதே நாளில், 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையில் நனைந்த பிள்ளைக்குப் பல் கிட்டும். சூரியன் ஏழு மணி வாக்கில்தான் மறையும் என்றாலும், மரங்களுக்கு அடியில் அதற்கு வெகு முன்பே வேர் எது, நிழல் எது என்று தெரியாது. ஆகவே கணக்கை இருட்டிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். குடும்பத்தோடு போனால் பன்னிரண்டு மணிதான் எல்லை.

இறக்கத்துக்கு ஏன் அவ்வளவு நேரம் என்பார்கள். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு விதி சொன்னார்: மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடை, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இறக்கத்தை அவர் தனியாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஈராவ் மலையின் பாசிக்காட்டில் அந்த விதி செல்லாது. அங்கே நனைந்த வேரின் மேல் மிதிக்கக் கூடாது, வேருக்கும் வேருக்கும் நடுவிலுள்ள சேற்றில் பாதத்தைக் குறுக்காக ஊன்ற வேண்டும். பிடிக்கக் கை நீளும் இடத்தில் பிரம்பு முள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரியவர் ஒரே எட்டில் இறங்கும் பள்ளத்தில் எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்து, திரும்பி, வயிற்றை மண்ணோடு ஒட்டித்தான் இறங்கும். விலையுயர்ந்த காலணி வழுக்கும் இடத்தில், பால்மரக் காட்டில் மங்கு தூக்கியவர்கள் போட்ட ‘அடிடாஸ் கம்போங்’ என்னும் ரப்பர் காலணி நிற்கும். கூட்டத்தின் வேகம் இந்தப் பிள்ளையின் வேகம்தான். அதனால் அனுபவசாலி பின்னால் சுவீப்பராக வர வேண்டும். ஆற்றைக் கடக்கும் தடமானால் ‘கெப்பாலா ஆயிர்’ எனும் திடீர் வெள்ளத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். நீர் கலங்கிச் சருகு வந்தால் இந்தக் கரையிலேயே நிற்பதுதான் புத்தி.

ஜாசார் போன்ற சின்ன மலைக்கு இவ்வளவு எதற்கு என்பது அடுத்த வாதம். சின்ன மலையிலும் காடு அடர்த்திதான். 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா பங்களாவிலிருந்து வெளியே போன பட்டு வணிகர் ஜிம் தாம்சனைக் காவலர்களும் இராணுவமும் ஒராங் அஸ்லி பூர்வகுடி மக்களும் தேடினார்கள், தடயமே இல்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியாது. ஆனால் இந்தக் காட்டில் ஆளைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். கைப்பேசித் தடம் இருக்குமிடத்தைக் காட்டும், உண்மைதான். பிள்ளையின் முட்டி நடுங்கத் தொடங்கியதைக் காட்டாது. காசு கொடுத்தும் உச்சியைப் பார்க்கவில்லையே என்பவருக்கு ஒரே பதில்: நீங்கள் காசு கொடுத்தது திரும்பும் அந்த முடிவுக்குத்தான்.

வருத்தம் வாடிக்கையாளர் மேல் மட்டுமல்ல. வனத்துறை பெர்மிட், மலிம் சான்றிதழ் எல்லாம் முறையாக வைத்துக்கொண்டே, சுவீப்பர் இல்லாமல் பெருங்கூட்டத்தை ஓட்டிப்போய் உச்சியில் படம் எடுத்து, மழையில் சிதறவிட்டு இறக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று பன்னிரண்டை ஒன்றாக்கி, ஒன்றை இரண்டாக்குகிறார்கள். கேட்டால், இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். மழை தாமதித்த நாள்களையெல்லாம் தங்கள் திறமையின் கணக்கில் எழுதுகிறவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்காதீர்கள். மலிமை அமர்த்தும்போது எத்தனை மலை ஏறியிருக்கிறார் என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.