தீக்குழியின் இரு கரைகள்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலுமாகக் கடவுள் இல்லை என்று வாய்திறந்து சொல்லக்கூடியவர்களை ஒன்றுசேர்த்தால் ஒரு மினிபஸ் நிரம்புமா என்பது எனக்கு ஐயம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று வீதியின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு வழிபாட்டிடம் உள்ள நிலம் இது. அந்தச் சிறு கூட்டத்துக்குள்ளும் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்காரர் பேசும் மண்டபத்துக்கு மற்றக் கட்சிக்காரர் வருவதில்லை. கடவுள் இல்லை என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை ஏதும் இல்லை. அவர்களைப் பிரித்தது ஒரு தீக்குழி.

வாவியின் தென்கோடியில், கல்முனையை அடுத்த பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. பாரதக் கதையை ஒட்டி 18 நாள் விழா நடந்து, நிறைவில் தீமிதிப்பு. சில ஆண்டுகளுக்கு முன் எங்களுள் மூத்தவரான ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், தீமிதிப்பின் 'மர்மத்தை' விளக்கிப் பொதுக்கூட்டம் ஒன்று நடத்த விரும்பினார். நெருப்பு மூட்டித் தாமே அதில் நடந்து காட்டுவதாகவும் சொன்னார்.

அவர் கோவூர் வழிவந்தவர். ஆபிரகாம் கோவூரை அறியாத இளையவர்களுக்காக ஒரு வார்த்தை: கேரளத்தின் திருவல்லாவில் 1898இல் ஒரு கிறித்தவ மதகுருவின் மகனாகப் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் கற்பிக்க வந்தவர் அவர். 1960இல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தைத் தொடக்கினார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் எவரேனும் அற்புதம் ஒன்றை நிகழ்த்திக் காட்டினால் ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்து, 1978இல் இறக்கும்வரை அந்தப் பணத்தைக் கொடுக்க நேராமலே இருந்தார். அவர் கையாண்ட சம்பவம் ஒன்றுதான் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' என்றும் பின்னர் தமிழில் 'மறுபிறவி' என்றும் திரைப்படமானது. தீமிதிப்பை ஆராய்ந்தவர் பேராசிரியர் கார்லோ பொன்சேகா. 1970களின் தொடக்கத்தில், விரதமும் நேர்த்தியும் இன்றி, சாராயம் குடித்துப் பன்றியிறைச்சி உண்டவர்களும் தணலின்மேல் நடந்து மீளலாம் என்று அவர் நிறுவினார். தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் அதில் படும் நேரமும் மிகக் குறைவு. விஞ்ஞானத்தில் பிழையில்லை.

கூட்டத்துக்கு எதிர்ப்பு வந்தது, ஆனால் கோயிற்காரரிடமிருந்து வரவில்லை. எங்களோடு இருந்த ஒரு பெண், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடையே நெடுங்காலம் வேலை செய்தவர், எழுந்து கேட்டார்: "சேர், அந்த வரிசையில் நிற்கிற பொம்பிளையள் எதுக்காக நேர்ந்தவங்க என்று ஒருத்தரிட்டயாவது கேட்டீங்களா?" ஆசிரியர் சொன்னார்: "பிள்ள, நெருப்புக்கு ஆள் தெரியாது." அதற்கு மேல் இருவரும் பேசியதை எழுத வேண்டியதில்லை. கூட்டம் நடக்கவில்லை.

அந்தக் கேள்வியின் கனம் இந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான். அன்று பொலிசில் முறையிட அஞ்சிய தாய்மார் அம்மன் கோயிலுக்குப் போனார்கள். தெய்வமாடும் பெண்ணிடம் மகனின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டார்கள். 1990களில் இங்கு வந்து தங்கி இதை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், சித்திரவதைப்பட்டவனின் வலியைத் தம் உடலில் உணர்ந்து சொல்லும் தெய்வமாடுவோரைப் பற்றி எழுதியிருக்கிறார். வாய்விட்டு அழுவதற்கும் இடமில்லாத காலத்தில் கோயில் முற்றம் ஒன்றில்தான் அந்தப் பெயர்களை உரக்கச் சொல்ல முடிந்தது. மகன் வந்தால் தீ மிதிக்கிறேன் என்று நேர்ந்தவளிடம் போய் வெப்பக் கடத்தலைப் பற்றிப் பேசுவதில் அறிவு இருக்கலாம். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க மனம் இல்லை.

ஆயினும் ஆசிரியரின் அச்சத்தை வெறும் வறட்டுவாதம் என்று தள்ளவும் முடியாது. "உயிரோடு இருக்கிறான், தெற்கே ஒரு முகாமில்" என்ற வாக்கை நம்பித் தரகர்களுக்குக் காசு கொடுத்துக் காணியையும் நகையையும் இழந்த குடும்பங்களைப் பத்திரிகைத் தொழிலில் நானே சந்தித்திருக்கிறேன். பொய்யான நம்பிக்கைக்கும் விலையுண்டு. அந்த விலையைக் கொடுப்பவளும் அதே தாய்தான்.

ஒன்றை நம்பாதவன், அதை நம்புகிறவனின் உரிமைக்காக எவ்வளவு தூரம் போகலாம்? இந்தக் கேள்விக்கு வடக்கே 1968இல் ஒரு விடை கிடைத்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போக உரிமை கேட்டு நின்றார்கள். அவர்களை அணிதிரட்டியது தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம். அதன் பின்னால் நின்றவர்கள் நா. சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள், அதாவது கடவுளை ஏற்காதவர்கள். 'பஞ்சமர்' நாவலை எழுதிய கே. டானியல் அந்த இயக்கத்தின் முன்னணியில் இருந்தார். வழியை மறித்து நின்றவர்களின் தலையில் இருந்தவரோ கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். தர்க்கம் கற்றவர் வாசலை அடைத்தார். நாத்திகர் திறக்கச் சொன்னார்கள். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டிருந்தது என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது. கடவுளை மறுத்த பெரியார் 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர். 1970இல் அவர் தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் கருவறைக்குள் எல்லாச் சாதியாரும் செல்லவேண்டும் என்று கிளர்ச்சிக்கு அழைத்தார். 1973இல் அவர் இறந்தபோது அது நிறைவேறவில்லை. பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்களுக்கு 2021 ஓகஸ்டில் நியமனம் வழங்கப்பட்டது. இல்லாத கடவுளுக்கு யார் பூசை செய்தால் என்ன என்று அவர் இருந்துவிடவில்லை. கோவூரும் சாதியைப் போற்றியவர் அல்லர். ஆனால் அவருடைய சவால் அற்புதம் காட்டுவோரை நோக்கியது. வாசலில் நிறுத்தப்பட்டவன் அந்தச் சவாலின் வட்டத்துக்குள் வரவில்லை. இரண்டு பரம்பரையும் எங்கள் மினிபஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் இருக்கின்றன. மேற்கிலும் இதே சண்டைதான். 2012இல் அமெரிக்காவில் ஜென் மக்கிரைட் என்ற இளம்பெண், நாத்திகத்தோடு பெண்ணுரிமையையும் இனச் சமத்துவத்தையும் கூட்டல் குறி போட்டுச் சேர்க்கவேண்டும் என்றபோது, நாத்திகர்களே அவரைத் துரத்தித் துரத்தி ஏசினார்கள்.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு, அது பேசப்படுவது குறைவு. வாவிக்கரைக் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, யாருக்கு முதல் காளாஞ்சி என்பதெல்லாம் முறைப்படி வகுக்கப்பட்டவை. பெரிய குடியில் பிறந்த ஒருவர் நாத்திகரானால் அவர் இழப்பது ஒரு வெற்றிலைத் தட்டத்தை. ஊரும் "அவர் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போகும். பறை கொட்டும் குடும்பத்துப் பையன் "இனி நான் கோயிலுக்குக் கொட்ட வரமாட்டேன்" என்றால் ஊர் சிரிப்பதில்லை. அவன் கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே பெருங்குற்றவாளி ஆகிவிடுகிறான்.

இசுலாமியராகப் பிறந்தவர்களுக்கு விலை இன்னும் அதிகம். கோயம்புத்தூரில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் என்ற 31 வயது இளைஞர், தன் நாத்திகக் கருத்துகளை வெளிப்படையாக எழுதியதற்காக 2017 மார்ச் 16ஆம் திகதி வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய கழகத் தோழர்களில் வேறு சமயத்தில் பிறந்தவர்களும் அதே சொற்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்களிடையேயும் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். எங்களில் எல்லாரையும்விட அதிகம் படித்தவன். வெள்ளிதோறும் ஜும்மாவுக்குப் போகிறான். தங்கைகளுக்குக் கலியாணம் ஆகவேண்டும். அவன் ஊர் அறியத் தன்னை அறிவிக்கவேண்டும் என்பது ஆசிரியரின் வாதம். இல்லாவிட்டால் அது நேர்மையன்று என்கிறார். ஆசிரியருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது, ஊர்க்கோயில் தலைவர் அவருடைய பழைய மாணவர், அவருடைய பிள்ளைகளுக்குக் கோயிலிலேயே தாலி கட்டியாயிற்று. இதை ஒருமுறை அவரிடம் சொன்னேன். "அது வேறு விசயம்" என்றார்.

சென்ற மாதம் நூலகத்தில் ஓர் உரை நடந்தபோதும் அந்த இளைஞன் வந்திருந்தான். கடைசி வரிசை. கேள்வி நேரத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி என்னிடம் தந்தான், நான் என் கேள்வியாக அதைக் கேட்டேன். பதிலைக் கேட்டுவிட்டுத் தேநீருக்கு முன்பே எழுந்தான். கல்லடிப் பாலத்தைக் கடந்து ஊர் போய்ச் சேர வேண்டும், மஃரிபுக்கு நேரமாகிவிட்டது.