ஊருக்கு வெளியே ஓர் அரண்மனை... உள்ளே ஒரு பியானோ!

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ரயிலேறி வடக்கே போனால், சுமார் 2 மணி நேரத்தில் ஹூஸும் வந்துவிடும். வடகடலோரச் சிற்றூர். ஊரின் நடுவிலேயே துறைமுகம். காலையில் மிதந்துகொண்டிருந்த படகு, மதியம் போய்ப் பார்த்தால் சேற்றில் உட்கார்ந்திருக்கும். கடல் உள்வாங்கிவிட்டது என்று அர்த்தம். மாலையில் தண்ணீர் திரும்பி வரும், படகும் எழுந்துகொள்ளும். 1362-ல் வந்த பெரும் கடல் வெள்ளம் கரையை விழுங்கிய பிறகுதான் இந்த ஊருக்குக் கடல்வழியே கிடைத்தது.

1817-ல் இங்கே பிறந்த எழுத்தாளர் தியோடோர் ஸ்டோர்ம், தன் ஊரைச் சாம்பல் நிறமானது என்று கவிதையில் எழுதிவைத்தார். ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் வாழ்ந்த வீட்டையே அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள்! மார்ச் மாதத்தில் மட்டும் அந்தச் சாம்பல் நிறம் காணாமல் போகும். அரண்மனைப் பூங்காவில் லட்சக்கணக்கான குரோக்கஸ் பூக்கள் ஊதா விரிப்பாகப் பூத்துவிடும்.

பூ பார்க்க வருகிறவர்களுக்கு மார்ச். பியானோ கேட்க வருகிறவர்களுக்கு ஆகஸ்ட்.

அந்த அரண்மனையின் பெயரே வேடிக்கை. 'ஹூஸுமுக்கு முன்னால் உள்ள அரண்மனை' என்று பொருள். 1577-ல் கட்டத் தொடங்கியபோது அது ஊர் எல்லைக்கு வெளியே இருந்தது. ஊர் வளர்ந்து அரண்மனையைச் சூழ்ந்துகொண்டது, பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. செங்கல் கட்டடம், சிற்பம் செதுக்கிய கணப்படுப்புகள், ஒரு வீரர் மண்டபம். பெயர்தான் பெரியது, நவீன இசை அரங்குகளோடு ஒப்பிட்டால் சின்னக் கூடம். அங்கேதான் பெர்லினைச் சேர்ந்த பியானோ கலைஞர் பீட்டர் ஃப்ரூன்ஜியான் 1987-ல் ஒரு விழாவைத் தொடங்கினார். 'பியானோ இசையின் அபூர்வங்கள்' என்பது அதன் பெயர்.

இதில் என்ன விசேஷம்? வேறு ஊர்களில் தனி பியானோ கச்சேரி என்றால் பீத்தோவன், ஷோபின் என்று தெரிந்த பெயர்களே முன்னால் நிற்கும். யாரும் கேட்டிராத ஒன்றை நடுவில் சொருகிவைப்பார்கள். கலைஞரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கடினமான படைப்பை விரல்களில் ஏற்ற மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அதற்குப் பிறகு அதை வாசிக்க யாரும் கூப்பிடாவிட்டால்? டிக்கெட் விற்கவில்லை என்றால்? இந்தப் பயத்திலேயே எத்தனையோ படைப்புகள் நூலக அலமாரியில் தூங்குகின்றன. ஹூஸுமில் கதை தலைகீழ். கேட்காததைக் கேட்கத்தான் கூட்டம் வருகிறது.

அல்கானை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் ஷோபினுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், நண்பர். நீண்ட காலம் மேடையை விட்டே ஒதுங்கியிருந்தார். 1888-ல் இறந்தார். புத்தக அலமாரி சரிந்து விழுந்து செத்தார் என்று ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஆனாலும் அவர் இசையைவிட அந்தக் கதைக்குத்தான் புகழ் அதிகம். பாவம்! இசைக்குழுவே இல்லாமல் ஒற்றைப் பியானோவுக்கு என்று அவர் எழுதிய 'கான்செர்ட்டோ' சுமார் 50 நிமிடம் ஓடும். வாசிக்கத் துணிபவர்கள் குறைவு. துணிந்தவர்களில் ஒருவர் கனடாவின் மார்க்-ஆந்த்ரே ஹாமலின். அவர் ஹூஸுமுக்குப் பலமுறை வந்து வாசித்தவர்.

தெரிந்ததும் தெரியாததும் ஒரே துண்டில் கலந்து வர வேண்டுமா? கோடோவ்ஸ்கி இருக்கிறார். ஷோபினின் பயிற்சித் துண்டுகளை வைத்துக்கொண்டு 53 புதிய துண்டுகள் எழுதினார். ஒன்றில் ஷோபினின் இரண்டு துண்டுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். 22 துண்டுகள் இடது கைக்கு மட்டும். 'புரட்சி' என்று பெயர்பெற்ற ஷோபினின் துண்டு அவற்றில் ஒன்று. மூலத்தில் வலது கை பாட, இடது கை புயலாக ஓடும். கோடோவ்ஸ்கியிடம் பாட்டும் புயலும் இடது கைக்கே. வலது கைக்கு வேலையே இல்லை. கண்ணை மூடிக் கேட்டால் நம்ப முடியாது.

அலமாரியில் தூங்குவதெல்லாம் அற்புதம் என்று சொல்லிவிட முடியாது. சிலவற்றைக் கேட்டால் ஏன் மறந்தார்கள் என்று உடனே புரிந்துவிடும். அதையும் வாசித்துப் பார்த்தால்தானே தெரியும்? இன்று பழைய இசைத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 1987-ல் நூலகம் நூலகமாகத் தேட வேண்டியிருந்தது.

விழாவில் வாசித்தவற்றில் தேர்ந்தெடுத்தவை டென்மார்க்கின் டானாகார்ட் நிறுவனத்தின் குறுந்தட்டுகளாக வெளிவருகின்றன. நேரில் போகிறவர்கள் பகலில் துறைமுகத்தில் இறால் வைத்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, படகு சேற்றிலிருந்து எழுவதைப் பார்த்துவிட்டு, மாலையில் அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம்.